பிள்ளைத்தமிழும் வீட்டு விளையாட்டும்

இலக்கியம் வாழ்வினின்றும் பிறக்கின்றது. பிறந்தபின் வாழ்வுக்குத் துணை செய்கின்றது. இவ்விரண்டனுள் முன்னதை வகுப்பறையில் நாம் அடிக்கடி சொல்கின்றோம். பின்னதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்களுள் ஒன்றாகிய பிள்ளைத்தமிழுக்கு நேர்ந்துள்ள நிலை இதற்குத் தக்க சான்றாகும். பத்துப் பருவங்களின் பெயர்கள், ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் உள்ள வேறுபாடு, பாடிய புலவர் பெயர் ஆகிய மூன்றையும் மனப்பாடம் செய்த மாணவன் பிள்ளைத்தமிழைக் கற்றவனாகக் கருதப்படுகின்றான். அவன் வீட்டிலோ, ஒன்றரை வயதுத் தங்கை கைப்பேசித் திரையில் கண்ணைப் பதித்து அசையாமல் அமர்ந்திருக்கின்றாள். அவன் படித்த பருவங்களுக்கும் அந்தத் தங்கைக்கும் தொடர்பு உண்டு என்பதை அவனுக்குச் சொல்வார் அரியர்.

அத்தொடர்பைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். பிள்ளைத்தமிழைப் புகழ்ந்து போற்றிவிட்டு நிறுத்துதல் திறனாய்வு ஆகாது. அது எதைக் கண்டது, எதைக் காணத் தவறியது என்னும் இரண்டையும் நடுநிலையில் நோக்குதல் வேண்டும்.

பிள்ளைத்தமிழின் வித்து தொல்காப்பியத்திலேயே உண்டு. குழந்தையிடத்து எழும் அன்பும் பாடற்பொருளாதற்கு உரியது என்று புறத்திணையியல் இடம் வகுத்தது. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தம்மை யசோதையாக்கிப் பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ், இவ்வகையில் நமக்குக் கிடைத்துள்ள முதல் தனிநூலாகும். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழையும் அருளினார். நபிகள் நாயகத்தின் மீதும் காந்தியடிகளின் மீதும் பிள்ளைத்தமிழ் பாடப்பட்டுள்ளது. சமய எல்லைகளைக் கடந்து இவ்வடிவம் வாழ்ந்ததற்குக் காரணம் யாது? எச்சமயத்தார் வீட்டிலும் குழந்தை குழந்தையே என்பதுதான்.

பருவங்களைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். பாட்டியல் நூல்களில் வழங்கும் ஒரு கணக்கின்படி, மூன்றாம் திங்களில் காப்புத் தொடங்கி, ஒற்றைப்படைத் திங்கள்தோறும் ஒவ்வொரு பருவமாக, இருபத்தொன்றாம் திங்களில் பத்தும் நிறைவுறும். பருவத்திற்குப் பத்துப் பாடல்களாக நூறு பாடல்கள் பாடுவது பெருவழக்கு. காப்பு நீங்கலாகப் பார்த்தால், செங்கீரை முதல் அம்புலி ஈறாக உள்ள ஆறும் வீட்டுக்குள்ளேயே நிகழ்வன. மடியும் தொட்டிலும் தரையும் சன்னலுமே அவற்றுக்குக் களம்.

செங்கீரையில், குழந்தை ஒருகால் மடக்கி ஒருகால் நீட்டி, இருகையும் நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்த்தி ஆடுகின்றது. கழுத்தும் தோளும் முதுகும் வலுப்பெறும் பயிற்சி இது. தாலப் பருவத்தில் தாயின் நா அசைகின்றது. குழந்தையின் செவி திறக்கின்றது. சப்பாணியில் இரு கைகளும் ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. கண் காண்பதைக் கை செய்யக் கற்கின்றது. வருகைப் பருவத்தில், சில அடி தொலைவில் இருந்துகொண்டு கைநீட்டி அழைக்கும் தாய், குழந்தைக்கு நடையைப் பழக்குகின்றாள். பொம்மை ஒன்றுமின்றி, காசு ஒன்றும் செலவின்றி நிகழும் ஆட்டங்கள் இவை. உடல் வளர்ச்சியின் வரிசையை அறிந்தவர்கள் வகுத்த வரிசை இது என்பதில் ஐயமில்லை.

இவற்றுள் அம்புலிப் பருவம் தனிச்சிறப்புடையது. குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் புலவர், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் கையாள்வர். நீயும் இக்குழந்தையும் ஒப்பீர் என்பது முதல் வழி. இக்குழந்தை நின்னினும் உயர்ந்தது என்பது இரண்டாவது. வந்தால் இன்னது பெறுவாய் என்பது மூன்றாவது. வாராவிடின் இன்னது நேரும் என்பது நான்காவது. ஒப்பிடுதல், வேறுபடுத்தல், நிபந்தனை கூறல் ஆகிய மொழித்திறன்கள் அனைத்தும் இவ்வொரு விளையாட்டில் அடங்கியுள்ளன. பதினைந்து மாதக் குழந்தைக்கு இவையெல்லாம் விளங்குமா என்று கேட்கலாம். பொருள் முழுவதும் விளங்காது. ஆயின், தன்னிடம் ஒருவர் பேசுகின்றார், தான் பார்க்கும் பொருளையே அவரும் பார்க்கின்றார் என்பது விளங்கும். மொழி அங்கேதான் முளைக்கின்றது.

இனி, குறைகளையும் காண்போம். பெரியாழ்வார் பாடிய விளையாட்டுகள் பத்தோடு நிற்கவில்லை. குழந்தை பின்புறமாக ஓடிவந்து தாயின் முதுகைத் தழுவும் புறம்புல்கலை அவர் பாடினார். கண்ணிமையைத் திருப்பிக் காட்டி அச்சுறுத்தி மகிழும் அப்பூச்சி காட்டுதலையும் பாடினார். பிற்காலத்தார் வகுத்த பத்தனுள் இவ்விரண்டும் இடம்பெறவில்லை. அவற்றுக்கு நேர்ந்த இழப்பைச் சிறிதென்று கொள்ளற்க. தாயின் முதுகைத் தழுவும் விளையாட்டில் செயலைத் தொடங்குபவள் தாயல்லள், குழந்தை! அப்பூச்சியிலும் அவ்வாறே, அஞ்சுவோர் பெரியோர், அச்சுறுத்துவோன் சிறுவன். எஞ்சிய பருவங்கள் பலவற்றில் குழந்தை ஏவப்படுகின்றது: ஆடுக, கொட்டுக, தருக, வருக என்று. குழந்தை தானே தொடங்கும் விளையாட்டு இலக்கண வரம்புக்கு வெளியே நின்றுவிட்டது.

முகத்தை மறைத்துத் திறந்து காட்டும் ஆட்டத்தையும் இங்கு நினைத்தல் தகும். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போவதில்லை என்னும் அறிவைக் குழந்தை தன் முதலாண்டின் பிற்பகுதியில் பெறத் தொடங்குகின்றது என்று சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ழான் பியாசே எழுதினார். நம் தாய்மார் முந்தானையால் முகத்தை மூடித் திறந்து ஆடிய ஆட்டம் அவ்வறிவுக்கே பயிற்சி. இதற்கும் பத்தனுள் ஒரு பருவம் இல்லை.

இரண்டாவது குறை, பாட்டுடைத் தலைவனின் பெருமை குழந்தையை மறைத்துவிடுதல். ஒட்டக்கூத்தரின் குழந்தை சோழப் பேரரசன். அவன் வெற்றிகள் பாட்டில் நிறைய வேண்டும். பிற்காலப் பிள்ளைத்தமிழ் சிலவற்றில் தலப்பெருமையும் சொல்லணியும் மிகுந்து, குழந்தை ஈற்றடியில் மட்டும் எட்டிப் பார்க்கின்றது. குமரகுருபரரிடத்தும் கல்விச் செருக்கு உண்டு. ஆயினும் அவர் வருகைப் பருவத்தில் அழைக்கும் குரல் ஒரு தாயின் குரலாகவே ஒலிக்கின்றது. அந்நூல் அரங்கேறியபோது மீனாட்சியம்மையே சிறுமியாக வந்து திருமலை நாயக்கர் மடியிலமர்ந்து கேட்டாள் என்பது மரபுவழிக் கதை. அதன் வரலாற்று உண்மையை ஆராய்தல் ஈண்டு வேண்டா. பாட்டுக் கேட்கும் குழந்தைக்கு ஒரு மடி வேண்டும் என்பதை அக்கதை புனைந்தோர் அறிந்திருந்தனர்; அது போதும்.

மூன்றாவது, இறுதி மூன்று பருவங்களின் பாகுபாடு. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை அல்லது கழங்கு, நீராடல், ஊசல். சிற்றிற் பருவத்தில் வீடு கட்டுவோர் சிறுமியர். சிதைக்க வருவோன் சிறுவன். சிதையாதே என்று அவர்கள் வேண்டுகின்றனர். பாட்டாக இது சுவையுடையது. இல்லத்து முறையாக இதனை ஏற்றல் கூடாது. இன்றைய வீட்டில் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே சிற்றில் கட்டட்டும்; சேர்ந்தே சிறுபறை முழக்கட்டும்.

பிள்ளைத்தமிழ் விட்ட இடத்தைச் சங்கப் பாடல்கள் நிரப்புகின்றன. புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி, குறுகுறு நடந்து வந்து நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் மேலெல்லாம் சிதறிக்கொள்ளும் குழந்தையைக் காட்டுகின்றான். சிறுகை அளாவிய கூழின் சுவையை வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் வியக்கின்றார். சோற்றைக் குழைத்தல் அழுக்கன்று, தொட்டறியும் கல்வி. குறுந்தொகை 61-ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார், தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும் கையால் இழுத்தே இன்புறும் சிறுவரைக் காட்டுகின்றார். பட்டினப்பாலையில் குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் மூன்று உருளைத் தேர் வருகின்றது. நம் வீட்டு நடைவண்டிக்கும் மூன்று உருளைகளே. விலையுயர்ந்த பொம்மை வேண்டும் என்று குழந்தை கேட்பதில்லை. இழுத்தால் பின்தொடரும் ஏதேனும் ஒன்று இருந்தால் அதற்குப் போதும் என்பதை அப்புலவர்கள் கண்டிருந்தனர்.

இவையெல்லாம் ஜொகூரில் வாழும் நமக்கு எவ்வாறு பொருந்தும்? தோட்டங்களில் பெற்றோர் விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்ற நாளில், கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தனர். அங்கே வசதி குறைவு. ஆனால் ஏணை இருந்தது, தாலாட்டு இருந்தது, சுற்றிலும் குரல்கள் இருந்தன. இன்று நம்மவருட் பலர் ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், பாசீர் கூடாங் வட்டாரங்களின் தொடர்வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கின்றனர். விடியுமுன் சிங்கப்பூருக்குப் பாலம் கடக்கும் தந்தையும், தொழிற்சாலைக்குச் செல்லும் தாயும் உள்ள வீட்டில் குழந்தையோடு பேச நேரம் குறைகின்றது. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் நச்சுக்கழிவு கொட்டப்பட்டுப் பாசீர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டபோதும், 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோதும், வெளியே விட இயலாத குழந்தையை வீட்டுக்குள் என்ன செய்விப்பது என்று பெற்றோர் திகைத்தனர். பலர்க்குக் கிடைத்த விடை கைப்பேசியே.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டா என்றும், இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது, குறைவாயின் நன்று என்றும் கூறியது. ஒரு வயது முதல் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்றும் அது கூறியது. நூற்றெண்பது நிமிடத்தை எதனால் நிரப்புவது என்று கேட்பார்க்கு, நம் முன்னோர் விடையை நூறு பாட்டில் எழுதி வைத்துள்ளனர்.

அடுக்களையில் வெறும் மைலோ டின்னும் மரக்கரண்டியும் சிறுபறையாகும். காலணிப் பெட்டியில் கயிறு கட்டினால் சிறுதேர். இரண்டு நாற்காலியின்மேல் கைலியைப் போர்த்தினால் சிற்றில். பத்தாம் மாடிச் சன்னலுக்குத் தரைவீட்டு முற்றத்தினும் நிலவு நன்றாகத் தெரியும். அம்புலியை அழைக்க அதனினும் சிறந்த இடம் ஏது? எனினும், சன்னலுக்குக் கம்பி இருத்தல் வேண்டும். குழந்தை பெரியவர் கைக்குள் இருத்தல் வேண்டும். கழங்காடும் காய்களும், தோட்டத்துப் பிள்ளைகள் ஆடிய ரப்பர் விதையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகா, வாயிலிட்டால் மூச்சடைக்கும். நீராடலுக்கு ஒரு சிறுவாளி போதும். அவ்வாளி நீரிலும் ஆபத்து உண்டாதலின், ஒரு நொடியும் கண் அகலலாகாது.

தமிழாசிரியர் பெருமக்கள் இதனைப் பொருட்படுத்துதற்குத் தனியொரு காரணமும் உண்டு. முதலாம் ஆண்டில் நம்மிடம் வரும் பிள்ளை, ஏழாண்டுக் காலம் ஏதோ ஒரு மொழியைக் கேட்டுவிட்டே வருகின்றது. தாலப் பருவத்தில் தமிழ் கேளாத செவிக்கு, எழுத்துக் கற்பிக்கும் நாளில் நாம் ஓசையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டியுள்ளது. தமிழ்ப்பள்ளியின் முதல் வகுப்பறை தொட்டிலே எனின், அது மிகையாகாது.

ஆதலின், பிள்ளைத்தமிழைக் கற்பிக்குமிடத்து ஒரு பணியை மாணவர்க்கு அளிக்கலாம். பருவங்களின் பெயரை எழுதி மனப்பாடம் செய்வதோடு, வீட்டிலோ அயலிலோ உள்ள இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை ஒரு கிழமை உற்றுநோக்கி, அது தானாகத் தொடங்கும் விளையாட்டுகளைத் தமிழில் எழுதி வரச் செய்க. பாட்டி சொல்லும் தாலாட்டையும் எழுதி வரச் செய்க. பத்துப் பருவத்துள் அடங்காத பதினொன்றாவது பருவத்தை அவர்களுட் சிலர் நிச்சயம் கண்டு வருவர். அன்று பிள்ளைத்தமிழ் தேர்வுத்தாளை விட்டு வீட்டுக்குத் திரும்பும். அக்குழந்தையின் செவியிலும் தமிழ் விழும்.