தோலில் காய்ச்சிய பாகு

ஆப்பிள் தோலை யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. நறுக்கும்போதே அது குப்பைக்குப் போய்விடும். ஹன்னா கிளாஸைப் படிக்கும்வரை நானும் அப்படித்தான் வீசிக்கொண்டிருந்தேன். இப்போது ஆப்பிள் பை செய்யும் நாளில் என் வீட்டில் முதலில் கொதிப்பது அந்தக் கழிவுதான்: தோல், விதையை உதிர்த்த நடுப்பாகம், அவை மூழ்கத் தண்ணீர், ஒரே ஒரு இதழ் ஜாதிபத்திரி.

கிளாஸின் ‘தி ஆர்ட் ஆஃப் குக்கரி மேட் பிளெய்ன் அண்ட் ஈஸி’ 1747இல் லண்டனில் வெளிவந்தது. முதல் பதிப்பில் அவர் பெயர்கூட இல்லை. ‘ஒரு சீமாட்டி’ எழுதியது என்று மட்டும் போட்டிருந்தது. வீட்டு வேலைக்காரப் பெண்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே ஜோடனை இல்லாத நடையில் எழுதினார். ‘கறி’ என்ற நம் சொல்லை ஆங்கிலச் சமையல் நூலுக்குள் முதலில் கொண்டுபோனவர்களில் ஒருவரும் இவரே. புத்தகம் தலைமுறை தலைமுறையாக விற்றது. ஆனால் 1754இல் எழுதியவர் கடனில் நொடித்து, அதன் உரிமையையே விற்கவேண்டி வந்தது.

அவருடைய ஆப்பிள் பை ஒரு பத்திதான். பாத்திரத்தின் உட்பக்கச் சுவரை ஒட்டி மட்டும் மாவைப் பதிக்கவேண்டும். அடியில் மாவு கிடையாது. தோல் சீவி நாலாக நறுக்கிய ஆப்பிளைத் தடிமனாக ஓர் அடுக்கு. அதன்மேல் போட நினைத்த சர்க்கரையில் பாதி. பொடியாக நறுக்கிய எலுமிச்சைத் தோல், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கிராம்பு இங்கொன்றும் அங்கொன்றும். பிறகு மீதி ஆப்பிள், மீதிச் சர்க்கரை, இன்னும் கொஞ்சம் சாறு. கடைசியில் தோலில் காய்ச்சிய பாகை ஊற்றி, மேல்மாவால் மூடி, சுட்டெடுக்கவேண்டும்.

எத்தனை ஆப்பிள்? சொல்லவில்லை. சர்க்கரை எவ்வளவு? உங்கள் நாக்குக்கு ஏற்ப. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? அதுவும் இல்லை. முதல் வாசிப்பில் இது அலட்சியம் போலத் தோன்றியது. நாலைந்து முறை செய்தபின்தான் அந்த மௌனத்தின் நியாயம் பிடிபட்டது. இன்று பை செய்பவர்கள் தேடிப்போகும் புளிப்பு ரகங்கள் அன்று பிறக்கவேயில்லை. பிராம்லி ஆப்பிளின் தாய்மரம் 1809இல் இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில் ஒரு சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்தது. பச்சை நிற கிரானி ஸ்மித், 1860களில் ஆஸ்திரேலியாவில். கிளாஸின் வாசகிக்குக் கிடைத்தது அவளவள் பகுதியில் காய்த்த பழம். ஒரு மரத்தின் காய் புளிக்கும், பக்கத்து மரத்தின் காய் இனிக்கும். அப்படிப்பட்ட பழத்துக்கு இத்தனை அவுன்ஸ் சர்க்கரை என்று எழுதினால் அதுதான் பொய். அடுப்பும் அப்படியே. செங்கல் அடுப்புக்குள் விறகை எரித்து, சாம்பலை வாரித் தள்ளிவிட்டு, அந்தச் சுவர்ச் சூட்டில் சுடுவார்கள். கை பொறுக்கும் நேரம்தான் வெப்பமானி.

பழத்துக்குப் பழம் மாறுகிற இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார். எந்தப் பழத்துக்கும் மாறாத ஒரு விஷயம் வந்ததும் வார்த்தைகளைத் தாராளமாகச் செலவழிக்கிறார். அதுதான் தோல்.

ஆப்பிளின் சதையைவிடத் தோலிலும் நடுப்பாகத்திலும்தான் பெக்டின் அதிகம். ஜாமை உறையவைப்பது இந்தச் சத்துதான். புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் அது சாற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். பெக்டின் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே கிளாஸின் கை அதை அறிந்திருந்தது. முதலில் வெறும் தண்ணீரில் வேகவிட்டு சாரத்தை இறக்குகிறார். பிறகு வடிகட்டுகிறார். அதன்பின்தான் கொஞ்சம் சர்க்கரை. சுண்டிச் சுண்டி மிகக் கொஞ்சமாகவும் நல்லதாகவும் ஆகும்வரை காய்ச்சச் சொல்கிறார். ‘நல்லதாக’ என்பதற்கு அளவுகோல் கேட்பவர்களுக்குப் ‘பதம்’ என்ற நம் சொல்லைத்தான் காட்டவேண்டும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்கும். அங்கே இறக்கிவிடலாம்.

சிவப்புத் தோல் என்றால் பாகு இளஞ்சிவப்பு, பச்சைத் தோல் என்றால் வெளிர் மஞ்சள். இன்றைய குறிப்புகள் சாறு ஓடாமலிருக்கச் சோளமாவைக் கலக்கச் சொல்கின்றன. சாறு கட்டுப்படும், உண்மைதான். ஆனால் கலங்கலாக, நாக்கில் மாவாகத் தட்டும். பெக்டினில் பிடித்த பாகு கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். ஆப்பிளைச் சுற்றி ஆப்பிளே படர்ந்திருக்கும்.

முதல் தடவை அந்தப் பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டேன். மேல்மாவை மூடியதும் அதிலிருந்த வெண்ணெய் உருகி வழிந்தது. ஓவனிலிருந்து வந்தது தோல் செருப்பு. கிளாஸின் மேல்மாவு பஃப் பேஸ்ட். மாவைத் தேய்த்து, வெண்ணெய் பரப்பி, மடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி பரப்பி அடுக்கடுக்காக உருவாக்குவது. பரோட்டா மாஸ்டர் வீசி அடுக்குகிற அதே சூட்சுமம்தான். வெண்ணெய் குளிர்ந்து கட்டியாக இருந்தால்தான் சூடு பட்டதும் ஈரம் ஆவியாகி அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கும். பாகை ஆறவிட்டு ஊற்று என்று அவர் எழுதவில்லை. மாவைத் தொட்டுப் பழகிய கைக்கு அதைச் சொல்லவேண்டியதில்லை என்று விட்டிருப்பார்.

இந்தப் பைக்கு முன்னோர் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் குறிப்பு ஒன்றில் ஆப்பிளோடு பேரிக்காய், அத்தி, திராட்சை, குங்குமப்பூ எல்லாம் சேரும், சர்க்கரை சேராது. கிளாஸின் காலத்தில் சர்க்கரை கடைச்சரக்காகிவிட்டது. அந்தச் சர்க்கரை கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பு. ஜாதிபத்திரி, டச்சுக் கம்பெனி 1621இல் ஊரையே கொன்று பிடித்த பண்டா தீவுகளின் விளைச்சல். குறிப்பில் அவர் ஒரே ஒரு இதழ் கேட்டது சிக்கனமாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டாவது இதழைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பை மருந்துக்கடை ஆகிவிடும்.

ஓவனில் 200 டிகிரியில் முக்கால் மணி நேரம். மேல்மாவு பொன்னிறமாக உப்பி, ஓரத்தில் பாகு குமிழ்விட்டால் எடுத்துவிடுவேன். அடிமாவு இல்லாததால் கத்தி வேலை இல்லை, கரண்டியால் அள்ளவேண்டியதுதான். மேலே நொறுங்கும், உள்ளே குழையும், திடீரென்று ஒரு வாயில் கிராம்பு கடிபடும். இங்கொன்றும் அங்கொன்றும் போட்டதன் பலன் அந்த ‘திடீர்’தான். பொடித்துக் கலந்திருந்தால் எல்லா வாயும் ஒரே வாயாக இருந்திருக்கும்.

போனமுறை பாத்திரம் கழுவும்போது வடிகட்டியில் ஒட்டியிருந்த தோலில் ஒன்றை எடுத்து மென்று பார்த்தேன். வைக்கோல் போலச் சப்பென்று இருந்தது. இப்போதுதான் அது குப்பை.