லெவின்சன்: காலைப் பார்த்து எழுதியவர்

பாரிஸில் கோப்பை கழுவும் நான் லீவு நாட்களில் அகராதியும் கையுமாக அந்திரே லெவின்சனைப் படித்து வருகிறேன். அவரும் நாட்டைவிட்டு வந்தவர் என்பதால்தான் முதலில் புத்தகத்தை எடுத்தேன்.

1887இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் வெளியேறி, பாரிஸ் வந்து, 'கொமேடியா' தினசரியில் நடனம் பற்றி எழுதினார். 1933இல் இங்கேயே இறந்தார்.

அன்று தியாகிலெவ்வின் பாலே குழு பாரிஸை மயக்கி வைத்திருந்தது. ஓவியம், இசை, கதை எல்லாம் மேடையை நிறைக்க, நடனம் பின்தள்ளப்படுகிறது என்று லெவின்சன் வாதாடினார். நடனம் கதைக்கு ஊழியம் செய்ய வந்ததல்ல, அசைவே அதன் பொருள் என்பது அவர் கட்சி. பாலேயில் கால்களை இடுப்பிலிருந்து வெளிப்புறம் திருப்புவது ஏன்? உடல் எத்திசையும் நகரும் சுதந்திரம் பெறுவதற்கே என்று விளக்கினார். எனக்கு எங்கள் அரைமண்டி ஞாபகம் வந்தது.

ஆனால் அவரும் சறுக்கினார். 1925இல் சாம்ஸ் எலிசே அரங்கில் ஜோசபின் பேக்கர் ஆடினார். அமெரிக்காவின் சென் லூயிஸில் பிறந்து, சிறுவயதிலேயே மேடையேறித் தொழில் கற்ற 19 வயதுப் பெண். அவருடைய அசைவுகளை லெவின்சன் கவனிக்காமலில்லை. ஆனாலும் தொழில்காரியைப் பார்ப்பதை விட்டு, ஆதி ஆபிரிக்காவையும் கறுப்பு வீனஸையும் கண்டு எழுதினார். காலைப் பார்த்த கண், இனத்தைப் பார்க்கத் தொடங்கிய இடம் அது.

நாமும் அதைத்தானே செய்கிறோம்? எமது அரங்கேற்ற விமர்சனங்களில் பிரதம விருந்தினர் இருப்பார், மண்டபம் நிறைந்த சனம் இருக்கும், 'பண்பாடு காக்கப்பட்டது' என்ற வரியும் இருக்கும். ஆடிய பிள்ளை இருக்காது. அவளிடம் நாம் தேடுவது விட்டுவந்த ஊரை.

நானும் நண்பர் ஒருவரின் மகளுக்கு அப்படியொன்று எழுதினேன். வாசித்துவிட்டு அவள் கேட்டாள்:

"மாமா, வர்ணத்தில எனக்கு அரைமண்டி எழும்பினது நீங்கள் காணேல்லையா?"

கண்டேன். மனம் நோகும் என்று எழுதாமல் விட்டேன். அவள் மாதக்கணக்காக உழைத்தது அந்த அரைமண்டிக்காக. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததுதான் அவளை நோகச் செய்தது.

லெவின்சனிடம் இரண்டையும் கற்கலாம்: எதைப் பார்ப்பது, எங்கே பார்வை தவறும் என்பதை. அடுத்த அரங்கேற்றத்துக்கு முன்வரிசையில் இருக்கப்போகிறேன், கால் தெரிய வேண்டும்.