எல்லா ஆட்டக்காரருக்குமான தொடர்ச்சி

வீடியோ கேம் எனப்படும் நிகழ்பட ஆட்டம் ஒன்று வெற்றி பெற்றால் அதன் அடுத்தடுத்த பாகங்கள் வெளிவருவது வழக்கம். முதல் பாகத்தை விரும்பியவர்களோடு, அதைத் தொடாதவர்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஆசை இவற்றில் அடிக்கடி தெரிகிறது. பல நல்ல ஆட்டங்களைக் கெடுத்தது இந்த ஆசையே.

தேனி, போடி, கம்பம் பகுதி இளைஞர்கள் கைப்பேசியில் ஆடிய பப்ஜியிலிருந்தே தொடங்கலாம். 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி மொபைலுக்குத் தடை விதித்தது. 2021 ஜூலையில் கிராஃப்டான் நிறுவனம் அதை இந்தியாவுக்கென மாற்றி பிஜிஎம்ஐ என்ற பெயரில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் 2051ஆம் ஆண்டில் நடப்பதாக அமைந்த 'நியூ ஸ்டேட்' வந்தது. மூல ஆட்டத்தின் உயிர் எளிமையானது: நூறு பேர் குதிக்கிறார்கள், கடைசியில் ஒருவரோ ஓர் அணியோ மிஞ்சும். புல்லில் படுத்துக் காத்திருக்கும் நேரமே அதன் சுவை. புதியதில் டிரோன், கேடயம், வீழ்ந்த எதிரியைத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளும் வசதி எனப் பலவும் வந்தன. வீழ்ந்தவர் எதிரணியில் எழுந்து ஆடலாம் என்றால் வீழ்வதில் என்ன பயம் இருக்கும்? இந்தியாவில் மூத்த ஆட்டத்தின் இடத்தை அது பிடிக்கவில்லை.

இந்தக் கோளாறு முழு உருவில் தெரிவது ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2012 அக்டோபரில் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில் 6' ஆட்டத்தில். 1996இல் வந்த முதல் ஆட்டத்தில் இருந்தவை ஒரு மாளிகை, கையில் எண்ணிச் செலவிட வேண்டிய தோட்டாக்கள், கதவுக்கு அப்பால் என்ன நிற்கிறதோ என்ற அச்சம். பல இடங்களில் சுடுவதைவிட ஓடுவதே புத்தி. ஆறாம் பாகத்திலோ நான்கு கதைகள். திகில் விரும்புவோருக்கு லியோன், போர்க்களம் விரும்புவோருக்கு கிறிஸ், கைச்சண்டைக்கும் துரத்தலுக்கும் ஜேக், தனியே மறைந்து சென்று புதிர் அவிழ்ப்போருக்கு ஏடா. பந்தியில் நான்கு கறி பரிமாறலாம், தவறில்லை. இங்கே நான்கும் ஒரே சட்டியில் வெந்தன. கிறிஸ் எப்படி உருண்டு, உதைத்து, சுடுகிறாரோ அப்படியே லியோனும் செய்கிறார். அவ்வளவு வல்லமை உள்ளவர் பிணத்தைக் கண்டு ஏன் நடுங்க வேண்டும்? போதாததற்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு துணை. எழுபது லட்சம் பிரதிகள் விற்கும் என்று எதிர்பார்த்த நிறுவனம் 2013 மார்ச் முடிய ஏறத்தாழ 49 லட்சமே விற்றது.

இதன் பின்னால் பணக் கணக்கு இருப்பதை மறுக்க முடியாது. 'டெட் ஸ்பேஸ்' தொடரில் தொடர்ந்து முதலிட ஐம்பது லட்சம் பேர் அளவுக்கு ஆட்டக்காரர் வேண்டும் என்று ஈ.ஏ. நிறுவனத்தின் ஃபிராங்க் ஜிபோ 2012இல் சொன்னார். மறு ஆண்டு வந்த மூன்றாம் பாகத்தில் இருவர் சேர்ந்து ஆடும் வசதி நுழைந்தது, மனித எதிரிகளோடு துப்பாக்கிச் சண்டையும் நுழைந்தது. நான்காம் பாகம் வரவில்லை. 2023இல் வந்தது முதல் ஆட்டத்தின் மறுஆக்கம்.

பலதரப்பு ரசிகரை அடையவே கூடாதா என்றால், அடையலாம். தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா '16 வயதினிலே' (1977), 'கிழக்கே போகும் ரயில்' (1978) என்ற கிராமப் படங்களுக்குப் பின், 1978இலேயே 'சிகப்பு ரோஜாக்கள்' என்ற நகரத்துத் திகில் படத்தை எடுத்தார். இவை தொடர்ச்சிகள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் திகில் ரசிகரையும் இழுக்க வேண்டும் என்று அவர் மயிலின் கிராமத்துக்குள் ஒரு தொடர்கொலைகாரனை அனுப்பவில்லை. அவனுக்கென வேறு படம் எடுத்தார்.

கேப்காமும் பின்னர் திருந்தியது. 2017 ஜனவரியில் வந்த ஏழாம் பாகத்தில் உலகப் போர் இல்லை, நான்கு நாயகர் இல்லை. மனைவியைத் தேடி வரும் ஒரு சாதாரண மனிதன், லூசியானாவில் பாழடைந்த ஒரு வீடு, மீண்டும் எண்ணிச் செலவிட வேண்டிய தோட்டாக்கள்.