பறவையோடு ஏரியையும் எடுங்கள்

காட்டுயிர்ப் புகைப்படம் என்றதும் பலருக்கு முதுமலையும் கபினியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஜீப், புலி, முழங்கை நீள லென்ஸ் இவையெல்லாம் இருந்தால்தான் இந்தப் பக்கமே வர முடியும் என்று எண்ணி, ஆசை இருந்தும் ஒதுங்கிவிடுகிறார்கள். வேங்கிக்காலில் குடியிருக்கும் நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வரும்போது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டி வளர்ந்துவிட்ட ஊர் இது. வீடும் கடையும் பஸ் சத்தமுமாக இருக்கும் இடத்துக்கு நடுவில் ஓர் ஏரி இருக்கிறது. தென்மேற்கே நிமிர்ந்து பார்த்தால் அண்ணாமலை. இயற்கைப் புகைப்படக் கலையின் அரிச்சுவடியைக் கற்றுக்கொள்ள இந்த ஏரி போதும்.

வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிவிட்டுப் போன பிறகு, மார்கழி தை மாதக் காலையில் கரைக்கு வந்து நில்லுங்கள். புதுக் கண்ணுக்குத் தண்ணீரும் கோரையும் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் முக்குளிப்பான் ஒன்று மேலே வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கி, எதிர்பாராத இடத்தில் தலை நீட்டும். சேறு என்று நினைத்த இடத்திலிருந்து மடையான் கிளம்பும். உட்கார்ந்திருக்கையில் மண் நிறமாக இருந்த அந்தப் பறவை, சிறகு விரித்ததும் வெள்ளை வெளேரென்று மாறிவிடும். கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பு இந்தப் பார்வை பழக வேண்டும். எந்தப் பறவை எங்கே உட்காரும், எப்போது எழும், எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தவருக்குச் சாதாரணக் கேமராவே வேலை செய்யும்.

இதற்குச் சரியான ஆசிரியர் கருப்புவெள்ளை மீன்கொத்தி. மற்ற மீன்கொத்திகள் கம்பத்திலோ கிளையிலோ உட்கார்ந்து காத்திருக்கும். இதுவும் அப்படி உட்காருவதுண்டு என்றாலும், இதன் தனி வித்தை அந்தரத்தில் நிற்பது. தண்ணீருக்கு மேலே ஓரிடத்தில் நின்று சிறகடிக்கும். உடம்பு செங்குத்தாக இருக்கும். அலகு நேர் கீழே பார்க்கும். சிறகுகள் எவ்வளவு வேகமாக அடித்தாலும் தலை மட்டும் ஆணி அடித்ததுபோல அசையாது. மீனை அளவெடுக்க அதற்கு அந்த நிலை வேண்டியிருக்கிறது. படம் எடுக்க நமக்கும் அதுவேதான் வேண்டும். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வைத்துக்கொண்டால் தலை தெளிவாக விழும். நன்றாக உற்றுப் பார்த்தால் ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லிவிடலாம். மார்பில் இரண்டு கருப்புப் பட்டை இருந்தால் ஆண். நடுவில் அறுந்த ஒற்றைப் பட்டை இருந்தால் பெண். பாய்ச்சல் தவறி மீன் தப்பிவிட்டால் பெரும்பாலும் பக்கத்திலேயே மறுபடி மேலேறி நிற்கும். அதனால் அதன் பின்னால் ஓட வேண்டாம், இருந்த இடத்திலேயே இருந்தால் போதும்.

ரசனையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் கொண்டுபோனால் இறகின் நுனிவரை உறைந்து நிற்கும். ஒவ்வோர் இறகையும் எண்ணலாம். 1/250க்கு இறக்கினால் தலையும் கண்ணும் தெளிவாக இருக்க, சிறகுகள் புகைபோலக் கலையும். முதல் வகைப் படத்தைப் பார்த்து அசந்துபோகிறோம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை. அந்தப் பறவை செய்துகொண்டிருக்கும் வேலையை, அசையும் சிறகுக்கும் அசையாத தலைக்கும் நடுவே உள்ள இழுபறியை, அதுதான் சொல்கிறது.

அடுத்த பாடம் வெளிச்சம். சிறுவெண்கொக்கை எடுத்துப் பழகியவர்களுக்கு இது புரியும். கேமராவின் ஒளிமானிக்கு வெள்ளை, கருப்பு என்ற பேதம் கிடையாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணித்தான் அளக்கும். இருண்ட தண்ணீருக்கு நடுவில் கொக்கு சிறியதாக நின்றால், கேமரா இருட்டைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு சுண்ணாம்புத் திட்டாக வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறைத்தால் மார்பின் இறகு இழைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பக்கத்தில் சிறகு காயவைக்கும் நீர்க்காகத்தை ஃபிரேம் நிறைய எடுத்தாலும் இதே கணக்குதான். கருப்பைக் கேமரா வெளுக்கப் பார்க்கும், அப்போதும் குறைத்தால்தான் கருப்பு கருப்பாக இருக்கும். வெளிர்ந்த வானத்தின் எதிரே பறப்பதை எடுக்கும்போது கூட்ட வேண்டும். இதையெல்லாம் எண்களாக மனப்பாடம் செய்வது வீண். எதிரே இருப்பது கேமராவை எப்படி ஏமாற்றும் என்று யோசிக்கும் பழக்கம் வந்தால் போதும். சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரம் பொன்னானது. வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேல் காற்று நெளியத் தொடங்கும். அதன்பிறகு எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் தூரத்துப் பறவையைத் தெளிவாக எடுக்க முடியாது. கேமராவை மூடிவிட்டு வேடிக்கை பார்ப்பதே நல்லது.

உட்காரும் உயரமும் படத்தை மாற்றிவிடும். கரை மேல் நின்று எடுத்தால் பறவைக்குப் பின்னால் தண்ணீர் மட்டும் தட்டையாகத் தெரியும். இறங்கி, கிட்டத்தட்ட அதன் கண் மட்டத்தில் கேமராவை வைத்தால் பறவை நிமிர்ந்து, பின்னணி விலகிக் கரைந்துபோகும். இதற்கு ட்ரைபாட்கூட வேண்டாம். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் மஞ்சள் பையில் பாதிவரை நெல்லை நிரப்பிக் கட்டி, அதன் மேல் லென்ஸை வைத்தால் ஆடாமல் நிற்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கலையைப் பேச வந்தால் மா. கிருஷ்ணனிடம் போய்த்தான் ஆக வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950இல் தொடங்கி 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றி விடாமல் எழுதியவர். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்தார். கிருஷ்ணன் எடுத்தவை கருப்பு வெள்ளைப் படங்கள். ஒரு நிறுவனத்தின் கேமரா உடலையும் வேறொரு நிறுவனத்தின் லென்ஸையும் தானே சேர்த்துப் பூட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அந்தக் கருவியோடு யானை மேல் அமர்ந்தும் நடந்தும் முதுமலைக் காட்டில் அவர் எடுத்த யானைப் படங்களில், யானைக்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு இடம் மூங்கிலுக்கும் புல்லுக்கும் நிழலுக்கும் உண்டு. நிறம் இல்லாததால் நம் கண் தோலின் சுருக்கத்துக்கும் தழையின் அடர்த்திக்கும் நேராகப் போகிறது. அந்த யானை எந்தக் காட்டில், எந்த மாதிரி வெளிச்சத்தில், எதைத் தின்று வாழ்கிறது என்பதைப் படமே சொல்லிவிடுகிறது.

இன்றைய படங்களில் நான் தேடுவதும், பல நேரம் காணாததும் இதுதான். லென்ஸ்கள் நீண்டுகொண்டே போகின்றன. பறவையின் முகம் ஃபிரேமை அடைத்துக்கொள்கிறது. பின்னணி பச்சை வண்ணம் பூசிய சுவராகிவிடுகிறது. அந்த மீன்கொத்தி வேங்கிக்காலில் எடுத்ததா, பரத்பூரில் எடுத்ததா என்று எடுத்தவரைக் கேட்டால்தான் தெரியும். நெருக்கமான படத்துக்கும் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாமக்கோழிக் கூட்டம் தண்ணீரில் சிறு புள்ளிகளாக மிதக்க, அதன் மேலே காலை வெயில் பட்ட மலை முழுதாக எழுந்து நிற்கும் படத்தை வேறு எந்த ஊரிலும் எடுக்க முடியாது. மார்கழி மாலையில் சூரியன் மலைப் பக்கமாக இறங்கும்போது அதே காட்சி கரிய கோட்டோவியமாக மாறும். இதற்கு நீண்ட லென்ஸ் உதவாது. கேமராவோடு வரும் சிறு லென்ஸே போதும்.

நெருங்கும் முறையிலும் நாகரிகம் வேண்டும். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில், உள்ளீடற்ற பொம்மை மாடு ஒன்றைச் செய்து அதற்குள் ஒளிந்துகொண்டு பறவைகளை எடுத்தார்கள். மாட்டைக் கண்டு பறவைகள் மிரளாது என்பது அவர்கள் கணக்கு. நம் ஏரியிலோ மேயும் எருமையின் காலடியிலேயே உண்ணிக்கொக்கு திரிகிறது. எருமையைப்போல மெல்ல, வேறு எதையோ கவனிப்பதுபோல நடந்தால் நம்மையும் அது சகித்துக்கொள்ளும். தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, மேய்வதை நிறுத்திவிட்டால், கொக்கு 'போதும்' என்று சொல்கிறது. அங்கேயே நின்றுவிட வேண்டும். பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிந்து கிளப்புவதும், குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேட்டைதான். கூட்டை எடுக்கவே வேண்டாம். முக்குளிப்பான் கூட்டை விட்டுப் போகும்போது முட்டைகளை நீர்ப்பாசியால் மூடிவிட்டுப் போகும். நம்மைக் கண்டு அவசரமாக விலகினால் மூட நேரமிருக்காது. மேலே வட்டமிடும் காகத்துக்கு அது போதும். மலையடிவாரக் காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் நுழைவதும் தவறு. கிரிவலப் பாதையில் நடந்தாலே புள்ளிமான் கண்ணில் படும், ரமணாசிரமத்தில் மயில் பக்கத்திலேயே நடமாடும்.

இந்தக் கலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய லென்ஸுக்குச் சேர்த்த பணம் வங்கியிலேயே இருக்கட்டும். உங்கள் ஊர் ஏரியில் ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து, மழை, பனி, கோடை என்று ஒரு வருடம் தொடருங்கள். தண்ணீர் வற்றி ஏரி வெடித்துக் கிடக்கும் வைகாசியிலும் போய் எடுங்கள். அதுவும் அந்தப் பறவையின் வாழ்க்கையில் சேர்ந்ததுதான். 2015 முதல் தமிழகத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். வரும் பொங்கலன்று கேமராவோடு ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போங்கள். கண்டதை எண்ணி இ-பேர்டு தளத்தில் பதிவுசெய்யுங்கள். ஓர் ஏரியில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்பதற்கு உங்கள் படமும் அந்தப் பட்டியலும் சாட்சியாக இருக்கும்.