விண்ணில் மனிதன்: செலவும் பயனும்

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் செங்கோட்டையில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. 2022-க்குள் இந்தியர் ஒருவர் இந்திய ராக்கெட்டில் விண்வெளிக்குச் செல்வார் என்பதே அது. அதே ஆண்டில்தான் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோள வயல்களில் படைப்புழு புகுந்து பயிரை அழித்தது.

சென்ற பருவத்தில் வகுப்பில் ஈர்ப்பு விசைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பேச்சு ககன்யான் திட்டத்தை நோக்கித் திரும்பியது. படைப்புழுவால் இழப்புக் கண்ட குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி எழுந்து, "மனிதனை மேலே அனுப்பும் பணத்தால் எங்கள் வயலுக்கு என்ன கிடைக்கும், சார்?" என்று கேட்டாள். அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. அவ்விடையை இங்கே தேடிப் பார்ப்போம்.

செலவு எவ்வளவு?

ககன்யான் திட்டத்திற்கு 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது மதிப்பீடு 9,023 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில் அது 20,193 கோடியாக உயர்த்தப்பட்டது. இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் கூடுதலான சோதனைப் பயணங்களும் இதில் அடங்கும். எனவே, பழைய வேலைக்கே இருமடங்குச் செலவு என்று கூறிவிடுவது நியாயமாகாது.

140 கோடி மக்களுக்கும் பகிர்ந்தால் தலைக்கு 144 ரூபாய் வரும். இது 2018 முதல் 2028 வரையிலான செலவாதலால், ஆண்டுக்கு 14 ரூபாய்தான். "பசித்தவனின் சோற்றைப் பறித்து விண்வெளிக்குப் போகிறார்கள்" என்னும் கூற்று இக்கணக்கின் முன் வலுவிழந்து விடுகிறது. இத்திட்டத்தை இன்றே கைவிட்டாலும் அந்தப் பதினான்கு ரூபாயால் வறுமை ஒழியப் போவதில்லை.

ஆயினும் கணக்கு இத்துடன் முடியவில்லை. நிலவின் தென்முனைப் பகுதியருகே 2023 ஆகஸ்டு 23 அன்று இறங்கிய சந்திரயான்-3 திட்டத்திற்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். செவ்வாயைச் சுற்றிய மங்கள்யானுக்குச் சுமார் 450 கோடி. 20,193 கோடியில் முப்பதுக்கு மேற்பட்ட சந்திரயான்களை அனுப்பலாம். அல்லது நாற்பதுக்கு மேற்பட்ட மங்கள்யான்களை அனுப்பலாம். ஆகவே உண்மையான போட்டி சோற்றுக்கும் விண்வெளிக்கும் இடையே நடப்பதன்று. ஆளில்லாக் கலங்களுக்கும் ஆளேறும் கலங்களுக்கும் இடையே நடப்பதாகும். இதைப் பற்றித்தான் நம் நாட்டில் போதிய விவாதம் நடைபெறவில்லை.

மனிதனால் செலவு ஏறுவதேன்?

மூன்று வீரர்களின் எடை ஏறத்தாழ 210 கிலோகிராம். அவர்களைச் சுமக்கும் ககன்யான் கலத்தின் எடையோ 8 டன்னுக்கு மேல். ஒரு கிலோ மனிதனுக்கு ஏறத்தாழ 40 கிலோ கலம்! சந்திரயான்-3 முழுவதும் 3,900 கிலோதான். நிலவில் ஊர்ந்த பிரக்யான் வண்டி வெறும் 26 கிலோ.

கருவிக்கு மூச்சுவிடக் காற்றும் குடிநீரும் வேண்டா. பணி முடிந்தபின் அதைத் திரும்ப அழைத்து வரவேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. மனிதன் திரும்பி வந்தே ஆகவேண்டும். 400 கி.மீ. உயரத்தில் கலத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 7.7 கி.மீ. இவ்வேகத்தில் ஒவ்வொரு கிலோ பொருளும் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3 கோடி ஜூல். இவ்வாற்றலைக் கொண்டு 11 கிலோவுக்கு மேற்பட்ட நீரைக் கொதிக்கவைத்து முற்றிலும் ஆவியாக்கிவிடலாம். இறங்கும்போது இதில் பெரும்பகுதி வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பம் உள்ளிருப்போரைத் தொடாமல் காக்க வேண்டும். ஏவும்போது ராக்கெட் பழுதானால் வீரர்களைப் பிரித்தெடுத்துத் தப்புவிக்கவும் தனி அமைப்பு வேண்டும். அவ்வமைப்பு 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் சோதிக்கப்பட்டது. செலவின் பெரும்பகுதி இத்தகைய பாதுகாப்புக்கே செல்கிறது. அது தேவையான செலவே.

ஆதரிப்போர் கூறுவன

முதல் வாதம், உபபயன்கள். விண்வெளி ஆய்வினால் மருத்துவத்திற்கும் தொழிலுக்கும் புதுப்பொருள்கள் கிடைக்கின்றன என்பர். இது உண்மையே. ஆனால் அவை மனிதன் ஏறிய கலத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. இளம்பிள்ளைவாதத்தால் கால் செயலிழந்த குழந்தைகளுக்காக அப்துல் கலாம் குழுவினர் உருவாக்கிய எடை குறைந்த காலணைகள், ஆளில்லா ஏவுகணைக்கென உருவான பொருளிலிருந்து வந்தவை.

இரண்டாம் வாதம் நம் மண்ணோடு தொடர்புடையது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட்டு முதலிய கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஒருகாலத்தில் இங்கே கடல் இருந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்குமுன் இன்றைய மெக்சிகோ பகுதியில் ஒரு விண்கல் மோதியது. அக்காலத்தில் நேர்ந்த பேரழிவில் அம்மோனைட்டுகளும் டைனசார்களும் மறைந்தன. "இக்கதி நமக்கும் நேராதிருக்க மனிதன் விண்வெளியில் பரவ வேண்டும்" என்பது வாதம்.

ஆனால் 2022 செப்டம்பர் 26 அன்று நிகழ்ந்ததை நோக்குக. அமெரிக்காவின் டார்ட் என்னும் ஆளில்லாக் கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின்மீது மோதி, அதன் சுற்றுக் காலத்தை 32 நிமிடங்கள் குறைத்தது. சிறுகோளின் பாதையை மாற்ற மனிதன் செல்ல வேண்டியிருக்கவில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் நமக்குத் தரும் எச்சரிக்கை விண்வெளி ஆய்வுக்கு வலுச் சேர்க்கிறது. மனிதப் பயணத்திற்கு அவ்வளவாக இல்லை.

மனிதனால் மட்டுமே ஆவது

இவ்வளவும் கூறியபின், எதிர்ப்பக்கத்துச் சான்றையும் மறைக்கலாகாது. 1972-இல் அப்போலோ-17 வீரர்கள் மூன்றே நாள்களில் நிலவில் ஏறத்தாழ 36 கி.மீ. வண்டியோட்டிச் சென்றனர். செவ்வாயில் ஆப்பர்ச்சுனிட்டி என்னும் தானியங்கி வண்டி 45 கி.மீ. கடக்க ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆயின. அப்போலோ வீரர்கள் ஆறு முறை இறங்கி 382 கிலோ பாறையும் மண்ணும் கொண்டுவந்தனர். அதே காலத்தில் சோவியத் நாட்டின் லூனா கலங்கள் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது ஏறக்குறைய 300 கிராம். எந்தக் கல்லை எடுப்பது, எதை விடுவது என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்யும் கண்ணும் மூளையும் கருவிக்கு இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை. 1993-இல் ஹப்பிள் தொலைநோக்கியின் பார்வைக் குறையைச் சீர்செய்தவர்களும் மனிதர்களே.

2025 ஜூன் 25 அன்று புறப்பட்ட சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பச்சைப்பயறு, வெந்தய விதைகளை முளைக்கவைத்தார். பயனுள்ள சோதனைதான். எனினும் இதில் எவ்வளவு மனிதக் கைக்குரியது, எவ்வளவைக் கருவியே செய்திருக்கும் என்று கேட்பது தவறாகாது.

நாம் கேட்க வேண்டியவை

ககன்யான் வேண்டாம் என்று நான் கூறவில்லை. மனிதனை அனுப்பி மீட்கும் நுட்பத்தை இன்று தொடங்காவிட்டால், தேவை வரும் நாளில் பிறரிடம் கையேந்த நேரும். ஆயினும் மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

ஒன்று, ஒவ்வொரு பயணத்திற்கும் முன்பாக, கருவியால் இயலாது மனிதனால் மட்டுமே இயலும் பணி எது என்பதை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு, இதன்பொருட்டு ஆளில்லா ஆய்வுக் கலங்களின் நிதியில் கை வைக்கலாகாது. மூன்று, தேதிக்காக அவசரப்படலாகாது. 2022-க்குள் என்று சொல்லப்பட்ட பயணம் தள்ளிப்போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1986 ஜனவரி 28 அன்று, கடுங்குளிரில் ஏவ வேண்டாமென்று பொறியாளர்கள் எச்சரித்ததையும் மீறி ஏவப்பட்டதால் சேலஞ்சர் விண்ணோடத்தில் எழுவர் உயிரிழந்தனர்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். மழையையும் புயலையும் முன்னறிய உதவும் இன்சாட் வரிசைக் கோள்கள் உன் வயலுக்கு ஏற்கெனவே பயன் தருகின்றன. அவற்றில் மனிதன் இல்லை. மனிதப் பயணத்தால் உன் வயலுக்கு நேரடியாக இன்று எதுவும் கிடைக்காது. அது தருவது அறிவும் திறமையும். அவற்றின் பயன் பிற்காலத்தில் வரலாம், வராமலும் போகலாம். ஆண்டுக்குப் பதினான்கு ரூபாய் கொடுக்கும் உனக்கு, அதைக் கேட்கும் உரிமை உண்டு. அடுத்த பருவத்திலும் அக்கேள்வியை அவள் கேட்க வேண்டும். கணக்கோடு கேட்க வேண்டும்.