அடி கனத்த எழுத்துகள்: நிரல் வாசிப்பும் 'பிறழ்ந்த' வாசகரும்

கதையையோ கட்டுரையையோ வாசிக்கையில் பாதிச் சொற்களை நாம் ஊகித்துக்கொண்டே ஓடுகிறோம். ஓர் எழுத்து தப்பினாலும் அர்த்தம் நம்மைக் கைவிடுவதில்லை. கணினி நிரல் அப்படி விடாது. ஆங்கிலத்தின் சிறிய எல்லும் பெரிய ஐயும் எண் 1-ம் ஒரே குச்சியாகத் தெரிந்தால் போச்சு, பெயரே வேறாகிவிடும். பைத்தான் மொழியில் வரித்தொடக்கத்து வெற்றிடம்கூட அர்த்தம் சுமக்கிறது. ஆக, 'இயல்பான வாசிப்பு' என்று கட்டமைக்கப்பட்டிருக்கும் ஊகத்தைப் பிடுங்கிக்கொள்ளும் பிரதி இது. இங்கே எல்லோருமே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கணும்.

இந்த இடத்தில்தான் டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கென்றே செய்த எழுத்துருக்கள் வந்து நிற்கின்றன. கிறிஸ்டியான் பூர் 2008இல் வடிவமைத்த டிஸ்லெக்ஸி, 2011இல் வெளிவந்த ஓப்பன்டிஸ்லெக்ஸிக் இரண்டும் எழுத்தின் அடியைக் கனமாக்குகின்றன. எழுத்து தலைகீழாகப் புரளாமலிருக்க அடியில் பாரமாம்! (தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு இது சரி.) டிஸ்லெக்ஸியா பெரும்பாலும் கண்ணில் எழுத்து புரளுவதல்ல, ஒலியையும் எழுத்தையும் இணைப்பதிலுள்ள சிரமம் என்பதே ஆய்வாளர்களிடம் வலுவாக உள்ள கருத்து. வெரி, டிலிபெர்ட்டோ இருவரும் 2017இல் வெளியிட்ட சோதனையில் ஓப்பன்டிஸ்லெக்ஸிக் வாசிப்பின் வேகத்தையும் கூட்டவில்லை, பிழையையும் குறைக்கவில்லை. டிஸ்லெக்ஸி தந்த சிறு பலனும் எழுத்திடைவெளியால் வந்ததே என்று மரினஸ் குழு 2016இல் காட்டியது. ஏரியலின் இடைவெளியை அதேயளவு கூட்டியதும் வித்தியாசம் காணாமல் போயிற்று. குறையை வாசகரின் உடலுக்குள் வைத்து, பிறகு அதற்கு மருந்தாக ஒரு வடிவத்தைக் கொடுக்கும் சொல்லாடல் இது.

ரெல்லோ, பேசா-யேட்ஸ் 2013இல் 48 டிஸ்லெக்ஸியா வாசகர்களிடம் 12 எழுத்துருக்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாய்வெழுத்து வாசிப்பைக் கெடுத்தது. சம அகல எழுத்துரு உதவியது. கூரியரும் தேறியது. கூரியர் 1950களில் ஐபிஎம் தட்டச்சுப் பொறிக்காகச் செய்யப்பட்டது. பொறி சம அடி வைத்து நகர்வதால் எழுத்துக்கும் சம அகலம், அவ்வளவுதான். கருணை ஒண்ணும் இல்லை. ஆனால் இன்று அழகுணர்ச்சி என்ன செய்கிறது? மனிதருக்கென்று எழுதப்படும் விளக்கக் குறிப்புகளைத்தான் பல நிரல் திருத்திகளின் வண்ண அமைப்புகள் சாய்வெழுத்தில் காட்டுகின்றன! ஃபிரா கோட் போன்ற எழுத்துருக்கள் ஆச்சரியக்குறியையும் சமக்குறியையும் சேர்த்து ஒரே 'சமமில்லை' குறியாக ஒட்டிவிடுகின்றன. கோப்பில் இரண்டு, கண்ணுக்கு ஒன்று. எழுத்தெழுத்தாகப் பிடித்து நடப்பவருக்கு இது படியை உருவிவிடுகிற வேலை.

இதனால் ஓப்பன்டிஸ்லெக்ஸிக்கை விரும்புகிறவர் ஏமாந்தவர் என்றாகிவிடாது. சராசரி என்பது எந்த ஒருத்தரின் கண்ணுமல்ல. நிரல் கோப்பினுள் எழுத்துரு கிடையாது. ஒரே பிரதியை அவரவர் தன் உருவில் திறந்துகொள்ளலாம். பார்த் 1967இல் கேட்ட வாசக சுதந்திரம் இங்கே ஓர் அமைப்புப் பட்டியலில் கிடைக்கிறது. தேர்வுத்தாளில் அச்சாகிவிட்ட நிரலுக்கும், வேலைக்கான நேர்முகத்தில் இன்னொருத்தர் தன் திரையில் காட்டும் நிரலுக்கும் அது செல்லாது. அந்த எழுத்துருவை யார் தேர்ந்தார் என்பதுகூட வாசகருக்குத் தெரியாது. தடுமாறினால் மதிப்பெண் குறைவது மட்டும் அவர் கணக்கில்.