தறி ஓடணும், தறி நிக்கணும்: ‘காஞ்சிவரம்’ படத்தில் ஒரு முடிச்சு

பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தை மறுபடி பார்த்தேன். 2007க்கான தேசிய விருதுகளில் சிறந்த படம். வேங்கடமாக நடித்த பிரகாஷ் ராஜுக்குச் சிறந்த நடிகர் விருது. பட்டு நெய்பவன் வீட்டில் பட்டு இல்லை என்ற முரணைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பட்ட முடிச்சு வேற. (முடிவையும் சொல்லப் போறேன். பார்க்காதவங்க இங்கயே நிறுத்திக்கலாம்.)

மகளைப் பட்டுச்சேலை கட்டித்தான் கல்யாணம் பண்ணிக் கொடுப்பேன் என்று, அவளுக்குப் பெயர் வைக்கும் நாளில் வேங்கடம் ஊரறிய வாக்குக் கொடுக்கிறான். கூலியில் அது நடக்காது. தறிக்கூடத்திலிருந்து பட்டு நூலை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து, வீட்டில் ரகசியமாக நெய்கிறான். அதே ஆள்தான் பிறகு கம்யூனிஸ்டாகி வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குகிறான். கல்யாணம் நெருங்குகிறது. சேலை முடியணும்னா தறிக்கூடம் திறக்கணும். கூலி உயரணும்னா மூடியே இருக்கணும்.

இருதலைக் கொள்ளி எறும்புன்னு சொல்லிட்டு நகர்ந்துடலாம். ஆனால் கிரிகரி பேட்சனும் கூட்டாளிகளும் 1956ல் முன்வைத்த ‘இரட்டைப் பிணைப்பு’ இன்னும் கொஞ்சம் கேட்கிறது. எதிரெதிரான இரண்டு கட்டளைகள் மட்டும் போதாது. அந்த இடத்தை விட்டு விலகவும் முடியக்கூடாது. மாட்டிக்கொண்டதைப் பற்றி வாய்விட்டுப் பேசவும் முடியக்கூடாது. அவர்கள் பேசியது மனச்சிதைவையும் குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சையும் பற்றி. வேங்கடத்துக்கும் இது பொருந்துகிறது. தோழர்களிடம் காரணத்தைச் சொன்னால் திருட்டு வெளியே வரும். நூலை ஒளித்த வாய், பேச வேண்டிய நேரத்திலும் மூடியே கிடக்கிறது.

உண்மையில் இரண்டு கட்டளைகளும் ஒன்றுதான்: நெய்பவனுக்கு நெய்ததில் பங்கு வேண்டும். வாக்கை நேர்மையாக நிறைவேற்றும் வழியே அந்தப் போராட்டம்தான். ஆனால் போராட்டத்துக்கு முகூர்த்த நாள் கிடையாது, கல்யாணத்துக்கு உண்டு.

படத்தின் குறையும் இங்கேதான். வேங்கடம் வேலைநிறுத்தத்தை முடித்து வைக்கிறான். அதற்கு மற்ற நெசவாளர்கள் கொடுத்த விலையைப் படம் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை. அவர்களுக்கும் மகள்கள் இருந்திருப்பார்களே?

கடைசியில் அரைகுறைச் சேலையால் இறந்துபோன மகளை மூடுகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது. பேட்சன் பக்கம் பக்கமாக விளக்கியதை, நெய்து முடிக்காத அந்தச் சில முழத் துணி காட்டிவிடுகிறது.